மேல் வரிசை நாலு பல்

நீங்க பேசாதீங்க சார். பஞ்சக் கடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காரச் சொல்லியிருக்காங்கல்ல, பேசுனா நழுவிடும். அப்புறம் ரத்தம் நிக்காது. தலைய மட்டும் ஆட்டுங்க, போதும். பேசுறதுக்கு நான் இருக்கேன். உள்ள இப்ப பதினொண்ணாம் நம்பர் போயிருக்கு, நான் பதினாலு. இந்த டாக்டரம்மா நல்லாத்தான் பாக்கும், ஆனா மெதுவாத்தான் பாக்கும்.

உங்களுக்குக் கடவாப் பல்லுதானே? சொத்தை? ம். எனக்கு சொத்தையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மேல் வரிசையில முன்னாடி நாலு பல்லு. இந்தா, இது, இது, இது, இது. நாலையும் எடுக்கணும்னு வந்திருக்கேன்.

ஏன் சார் அப்படி முழிக்கிறீங்க? நல்ல பல்லுதான். நானே சொல்றேன், நல்ல பல்லு. அம்பத்திமூணு வயசாகுது, இன்னைக்கும் முழுக் கரும்பைத் தோலோட கடிச்சு இழுப்பேன். பைத்தியக்காரன் பக்கத்துல உக்காந்துட்டோமோன்னு நினைக்கிறீங்க, தெரியுது. நாற்காலியக் கொஞ்சம் நகத்துறீங்க பாருங்க. நகத்துங்க. முழுசாக் கேட்டா நீங்களே சரிதான்னு சொல்லுவீங்க. எல்லாம் ஒரு கிளாரினெட்டுக்காக சார்.

எம்பேரு சவரிராயன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி பஞ்சர் கடை. ஆனா எங்க மாதா கோயில் பங்குல போய் சவரிராயன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. சாக்ஸ் சவரின்னு கேக்கணும். சின்னப் புள்ளகூட வீடு காட்டும். எங்க வியாகுல மாதா கோயில் பேண்டுல இருபத்தாறு வருஷம் சாக்ஸபோன் வாசிச்சது நான்தான். மத்தவங்க எல்லாம் வருவாங்க போவாங்க. டிரம்பெட்டுல மட்டும் ஆறு பேரு மாறிட்டாங்க. நான் மாறல.

எங்க திருவிழாவுல ஒரு வழக்கம் இருக்கு. மாதா சப்பரம் ஊரைச் சுத்தி வரும்ல, வந்து கல்லறைத் தோட்டத்து முக்குல நிக்கும். சப்பரத்தத் தோள்ல இருந்து இறக்கிடுவாங்க. மேளம் நின்னுரும். வேட்டு நின்னுரும். மகனைப் பறிகொடுத்துட்டு மாதா அழுவுற ஒரு பழைய ராகம் இருக்கு, அத ஒருத்தன், ஒரே ஒருத்தன், தனியா வாசிக்கணும். ரெண்டு நிமிஷம்தான். ஆனா அந்த ரெண்டு நிமிஷம் வாசிக்கிறவன்தான் அந்த வருஷத்து ஆளு. பெரியவங்க வந்து கையப் புடிச்சுக்குவாங்க. மறுநாள் டீக்கடையில இடம் விட்டு உக்காருவாங்க. இருபத்தாறு வருஷம் அந்த முக்குல நின்னது யாரு? தலைய ஆட்டுங்க சார். ஆமா. நான்தான்.

போன வருஷம் புதுப் பங்குச் சாமி வந்தாரு. நல்ல மனுஷன், கொறை சொல்லக் கூடாது. திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி கூப்பிட்டாரு. "சவரி, கோவிச்சுக்காதீங்க. உங்க சாக்ஸ் சத்தம் கேட்டா எனக்கு மாப்பிள்ளை அழைப்பு ஞாபகம் வருது. மாதா மடியில மகன் செத்துக் கெடக்கான். அந்த இடத்துல மட்டும் கிளாரினெட் வாசிக்கட்டுமே"ன்னாரு. மாப்பிள்ளை அழைப்பாம். சாமியார்கிட்ட என்னத்தச் சொல்றது. சரிங்க சாமின்னு வந்துட்டேன்.

யாரு வாசிக்கிறதுன்னு கேக்கணுமே. அவன்தான், தார்சீஸ். வத்தலக்குண்டுக்காரன். எங்க தெருவுல பொண்ணு கட்டி, வீட்டோட மாப்பிள்ளையா வந்து, ஒரு தையல் கடை போட்டு உக்காந்துட்டான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். வந்து ரெண்டு மாசம் ஆகல சார், ரெண்டே மாசம். ஊருக்குள்ள குறுக்குச் சந்துகூட அவனுக்குத் தெரியாது. அவன் போய் எங்க கல்லறை முக்குல நிக்கிறான்.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. எனக்குப் பொறாமையே கெடையாது. எந்தம்பி என்னை விடப் பெரிய வீடு கட்டுனான், நான் போய் நின்னு சித்தாள் வேலை பாத்தேன். பொறாமைப்படுற ஆளா நான்?

திருவிழா அன்னைக்கு நானும் பேண்டுலதான் இருக்கேன். சாக்ஸைக் கழுத்துல மாட்டிக்கிட்டு பின் வரிசையில நிக்கிறேன். அவன் முன்னாடி போனான். சுவத்துப் பக்கம் திரும்பி, கைக்குட்டைய வாயில வச்சு, கொஞ்ச நேரம் என்னமோ பண்ணுனான். அப்புறம் திரும்பி வாசிச்சான். சுமாரா வாசிச்சான். சரி, நல்லா வாசிச்சான்னே வச்சுக்கங்க. அதுவா சார் விஷயம்? எம் பொஞ்சாதி ஜெசிந்தா பொம்பளைங்க கூட்டத்துல முதல் வரிசையில நிக்கிறா. பாக்குறேன், கண்ணுல இருந்து தாரை தாரையா ஊத்துது. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுவுறா சார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "என்னடி அப்படி அழுத?"

"தெரியலைங்க. அந்தத் தம்பி வாசிக்கையில மாதாவே பக்கத்துல நின்னு அழுவுற மாதிரி இருந்துச்சு."

"அப்ப இருபத்தாறு வருஷமா நான் வாசிச்சனே, அப்ப நீ எங்க இருந்த?"

யோசிச்சா சார். நிஜமாவே உக்காந்து யோசிச்சா. யோசிச்சுட்டுச் சொல்றா, "சப்பரத்துல நேர்த்திக்கடனுக்கு உப்பு மிளகு போடுற வரிசையில நின்னிருப்பேன்."

இப்ப சொல்லுங்க. கட்டுன புருஷன் மூச்சு முட்ட ஊதுறான், இவ உப்பு மிளகு போட வரிசையில நிக்கிறா. எவனோ ஒரு வத்தலக்குண்டுக்காரன் ஊதுனா மாதா வந்து பக்கத்துல நிக்கிறாங்க. எரிஞ்சுச்சு சார். சொல்றதுக்கு என்ன, அடிவயித்துல இருந்து எரிஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல. அது பொறாமை இல்ல. ஒரு நியாயம் வேணாமா?

மறுநாள் காலையில கோயிலுக்குப் போனேன். சாமான் பீரோவுல ஒரு பழைய கிளாரினெட் கெடந்துச்சு, வாசிக்க ஆள் இல்லாம. சாமிகிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டு வந்தேன். ஊதுற ஆளுக்கு இதுல என்ன இருக்கு? சாக்ஸ்லயும் வாயில வைக்கிற எடத்துல ஒத்த ரீடு, அந்த நாணல் பட்டை, இதுலயும் ஒத்த ரீடு. லாரி ஓட்டுறவன் ஆட்டோ ஓட்ட மாட்டானா? ஒரு மாசத்துல புடிச்சுருவேன்னு ஜெசிந்தாகிட்டச் சொன்னேன். அவ கிளாரினெட்டைப் பாத்தா, என்னைப் பாத்தா, வெங்காயம் உரிக்கப் போயிட்டா.

ஊதுனேன். சார், அந்தச் சத்தத்த நான் எப்படிச் சொல்ல? லாரி பிரேக் போட்டா ஒரு கீச்சு வருமே, அது. எதுத்த வீட்டு நாய் எந்திரிச்சு நின்னுச்சு. திருப்பி ஊதுனேன், திருப்பிக் கீச்சு. தெருவுல பயலுக எல்லாம் என்னைப் பாத்தா 'கீச்'னு கத்திட்டு ஓடுறான்க. சாக்ஸ் சவரி கீச்சு சவரி ஆயிட்டேன்.

என்னன்னா சார், சாக்ஸுக்கு வாய் வேற, இதுக்கு வாய் வேற. சாக்ஸுக்கு, சின்னப் புள்ளைக்கு முத்தம் குடுக்குற மாதிரி உதட்டச் சுத்தி வச்சாப் போதும். தாடை தளந்து கெடக்கலாம். ஊதுற முனை இருக்குல்ல, மவுத்பீஸ், அது நேரா வரும், நல்லா உள்ள வாங்கிக்கலாம். கிளாரினெட்டுக்கு அது ஆகாது. அத நெஞ்சோட சாச்சுப் புடிக்கணும். கீழ் உதட்டக் கீழ்ப் பல்லு மேல லேசா மடிக்கணும், தாடையத் தட்டையா கீழ இழுத்து வைக்கணும். மேல் பல்லு மவுத்பீஸ் மேல சும்மா உக்காரணும். வாயோட ரெண்டு ஓரம் மட்டும் இறுகி நிக்கணும். எனக்கு இருபத்தாறு வருஷத்து சாக்ஸ் வாய். தாடை அது பாட்டுக்கு மேல ஏறி ஆரஞ்சுத் தோல் மாதிரி சுருங்கிக்கிடும். விரல் வேற. சாக்ஸ்ல கட்டை விரல் கீய அமுக்குனா அதே சுரம் மேல போய் நிக்கும். இதுல அமுக்குனா எங்கயோ போய் வேற சுரத்துல நிக்குது. நம்ம வீட்டு மாடிப்படியில ஏறிப் பக்கத்து வீட்டு மாடியில போய் நின்னா எப்படி இருக்கும்?

நான் காத்துத் தொழில் பாக்குறவன் சார். டயர்ல காத்து நிக்கலைன்னா என்ன பண்ணுவேன்? எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். இறுக்கணும். அதனால இறுக்குனேன். மேல் பல்லாலயும் கீழ் தாடையாலயும் பாக்குவெட்டி மாதிரி இறுக்குனேன். கீழ் உதட்டுல உள்பக்கம் பல்லு தடம் விழுந்து புண்ணாகி, மோர்கூடக் குடிக்க முடியல. பஸ் டிக்கெட்ட மடிச்சுக் கீழ்ப் பல்லு மேல வச்சுக்கிட்டு ஊதுனேன். இறுக்க இறுக்கக் கீச்சுதான் வந்துச்சு.

அப்பத்தான் ஒருநாள் அவனே கடைக்கு வந்தான். தார்சீஸு. சைக்கிள் டியூப்பு பஞ்சராம். நான் டியூப்பத் தண்ணியில முக்கிப் பாத்துட்டு இருக்கேன், அவன் அங்க பலகையில இருந்த கிளாரினெட்டப் பாத்துட்டான்.

"அண்ணே, தெருவுக்கே கேக்குது. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, நீங்க ரீடக் கடிக்கிறீங்க."

"நானா? நான் எதுக்குக் கடிக்கிறேன்?"

"சாக்ஸ் வாசிச்சவங்க எல்லாருக்கும் இது வரும்ணே. கீச்சு வரும்போது பயந்துபோய் இறுக்குவாங்க. இறுக்கக் கூடாது. மவுத்பீஸ மட்டும் கழட்டிக் கண்ணாடி முன்னாடி ஊதிப் பழகுங்க. தாடை சுருங்குதான்னு பாருங்க. சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கணும் தாடை. காத்தத் தள்ளுங்க, பல்லத் தள்ளாதீங்க."

தையல்காரனுக்குக் காலரத் தவிர வேற என்ன தெரியும்? ஆனாலும் செஞ்சு பாத்தேன் சார், பொய் சொல்ல மாட்டேன். பஞ்சருக்கு வர்ற பைக்குல எல்லாம் சைடு கண்ணாடி இருக்குல்ல. அதுக்கு முன்னாடி குந்திக்கிட்டு மவுத்பீஸ வாயில வச்சுக்கிட்டு 'பீ'ன்னு ஊதுவேன். வண்டிக்காரன் டீ குடிச்சுட்டு வந்து பாத்தா, நான் அவன் கண்ணாடியில என் தாடையப் பாத்துக்கிட்டு இருப்பேன். மாசக் கணக்கா இதுதான் வேலை. அவனும் வாரம் ஒரு தடவை வந்து பாத்துட்டு, கடிக்கிறீங்கண்ணே, கடிக்கிறீங்கண்ணேம்பான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டான்.

எனக்கு அங்கதான் சந்தேகம். ஒரு மனுஷன் தன் எடத்தப் புடிக்க வர்றவனுக்கு வலிய வந்து தொழில் சொல்லித் தருவானா? நான் தருவனா? நீங்க தருவீங்களா? அப்ப என்னமோ ஒண்ண மறைக்கிறான். மேலோட்டமா நாலு விஷயத்தச் சொல்லிட்டு முக்கியமான சூட்சுமத்தக் கைக்குள்ளயே வச்சிருக்கான். வாசிக்கிறதுக்கு முன்னாடி சுவத்துப் பக்கம் திரும்பிக்கிறான்ல? ஒவ்வொரு தடவையும் திரும்புறான் சார். பேண்டு பழகும்போதும் திரும்புறான். என்னதான் பண்றான் அந்தச் சுவத்துகிட்ட?

போன வாரம் பாத்துட்டேன். அவன் தையல் கடைக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் இருக்கு, பாதிக் கதவு ஒடஞ்சது. சாயங்காலம் கடையச் சாத்திட்டுப் பழகுவான்னு தெரியும். சாக்கடை ஓரமா ரெண்டு செங்கல்லப் போட்டு ஏறி நின்னேன். இந்த வயசுல. வேற வழி இல்ல சார். அவன் கிளாரினெட்ட எடுத்து மாட்டுனான். மாட்டிட்டு, ரெண்டு விரல வாய்க்குள்ள விட்டான். விட்டு, மேல் வரிசைப் பல்ல அப்படியே தட்டோட கழட்டி, தண்ணி டம்ளர்ல போட்டான்!

செங்கல்லு ஆடிடுச்சு எனக்கு.

பல்லு இல்லாத வாயில மேல் உதட்ட உள்ள மடிச்சுக்கிட்டான். மேலயும் உதடு, கீழயும் உதடு. நடுவுல மவுத்பீஸ். ஊதுனான் பாருங்க. வெண்ணெயில கத்தி போற மாதிரி. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. பத்து மாசமா அவன் எதைச் சொல்லாம மறைச்சான்னு புரிஞ்சுச்சு. பல்லு சார். பல்லு! பல்லு இருக்குறவனுக்கு இது வராது. இவனுக்குப் பல்லே இல்ல, அதான் வருது. எனக்குக் கரும்பு கடிக்கிற பல்ல ஆண்டவன் குடுத்துட்டு, கிளாரினெட்ட அவனுக்குக் குடுத்துட்டான்.

அதுக்குள்ள அவன் என்னைப் பாத்துட்டான். "யாரு, அண்ணனா? ஏண்ணே சாக்கடையில நிக்கிறீங்க, உள்ள வாங்க"ங்கிறான். பல்லு இல்லாம வார்த்தை எல்லாம் காத்தாப் போகுது. உள்ள போனேன். அவனே சொல்றான், ஆறு வருஷத்துக்கு முன்னாடி வண்டியில இருந்து விழுந்து பல்லு போச்சாம். ரெண்டு வருஷம் கிளாரினெட்டத் தொடவே இல்லையாம். அப்புறம் பொறந்த புள்ள நடை பழகுற மாதிரி முதல்ல இருந்து பழகுனானாம். தட்டோட வாசிச்சா தட்டு ஆடுதாம், அதான் கழட்டுறானாம். நாலு பேரு பாக்க வெக்கமாம், அதான் சுவத்துப் பக்கமாம்.

"இத ஏண்டா எங்கிட்டச் சொல்லல?"

"இதுல சொல்ல என்னண்ணே இருக்கு? பொக்கை வாயப் பத்தி யாராவது பெருமையாச் சொல்லுவாங்களா? உங்களுக்கு இருக்குற பல்லு எனக்கு இருந்தா நான் இன்னும் நல்லா வாசிப்பேண்ணே. உங்க பல்லப் பாத்து எத்தனையோ நாளு நான் ஏங்கியிருக்கேன்."

பாத்தீங்களா தந்திரத்த? என் பல்லப் பாத்து இவன் ஏங்குறானாம். நான் எடுத்துடக் கூடாதேன்னு முன்கூட்டியே மொழுகுறான். நானும் சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன், ஒண்ணும் காட்டிக்கல. மறுநாளே இங்க வந்துட்டேன்.

வந்து டாக்டரம்மாகிட்ட, மேல் வரிசை நாலும் உயிர் போற மாதிரி வலிக்குதுன்னேன். அந்தம்மா தட்டிப் பாத்துச்சு, படம் எடுத்துப் பாத்துச்சு. "எல்லாம் நல்லா இருக்கே, வலி எங்க இருந்து வருது?"ன்னுச்சு. நான் விடல. வலிக்குது, எடுங்கன்னேன். அந்தம்மாவுக்குச் சந்தேகம். வீட்டுல இருந்து யாரையாவது கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு, அப்புறம் பேசலாம்னுச்சு. இன்னைக்குத் திரும்ப வந்திருக்கேன், ஆனா வீட்டுல யாரக் கூட்டிட்டு வர? ஜெசிந்தாவ? அவகிட்டச் சொன்னா என்னை வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டு உக்கார வச்சிருவா.

அதான் சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு இருந்தேன். பாத்தா மூத்தவங்களா இருக்கீங்க, சட்டைப் பையில பேனா வேற வச்சிருக்கீங்க. உங்க வேலைதான் முடிஞ்சிருச்சே. உள்ள வந்து, இவன் எந்தம்பின்னு ஒரு வார்த்தை, இல்ல, வார்த்தைகூட வேணாம், தலைய மட்டும் ஆட்டிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. வர்ற சனிக்கிழமை சாமி எங்க ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லிக் கேக்கப் போறாரு. யாரு நல்லா வாசிக்கிறாங்களோ அவங்கதான் இந்த வருஷம் முக்குல. இன்னைக்கு எடுத்தா நாலு நாளுல புண்ணு ஆறிடாது? உப்புத் தண்ணி வச்சுக் கொப்புளிச்சா ஆறிடும்.

தலைய இப்படி ஆட்டாதீங்க சார். இல்லைன்னு ஆட்டாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நேத்து நடந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கே பல்ல எடுக்குறதுல கொஞ்சம் தயக்கம் இருந்துச்சு. நேத்தோட அது போச்சு.

நேத்து மத்தியானம் கடையில வேலை இல்ல. வீட்டுக்கு வந்தேன். பல்லு போனா எப்படி இருக்கும்னு ஒரு ஒத்திகை பாக்கலாமேன்னு தோணுச்சு. கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற கல்லுல உக்காந்தேன். அவன் பண்ணுன மாதிரியே மேல் உதட்டப் பல்லு மேல மடிச்சுக்கிட்டு, கீழ் உதட்டையும் மடிச்சுக்கிட்டு, மவுத்பீஸ வாயில வச்சேன். ஐயோ, வலி! இறுக்கவே முடியல. இறுக்குனா என் உதட்டத்தான நானே கடிக்கணும்? கடிக்க வழியே இல்ல. அதனால சும்மா, தாங்கலாப் புடிச்சுக்கிட்டு, மெதுவாக் காத்த மட்டும் விட்டேன். மாதா ராகம்தான். தொடங்குனேன். வந்துச்சு. மேல போற இடம் இருக்கு, பத்து மாசமா நான் கீச்சடிக்கிற இடம். பயந்துக்கிட்டே போனேன். அதுவும் வந்துச்சு. ஒரு கீச்சு இல்ல சார். எதுத்த வீட்டு நாய் படுத்தே கெடந்துச்சு. முழுசா, கடைசி வரைக்கும், கண்ணு மூடிக்கிட்டு வாசிச்சு முடிச்சேன்.

கண்ணத் தொறக்குறேன், அடுக்களை வாசல்ல ஜெசிந்தா நிக்கிறா. கையில கரண்டி. கண்ணு ரெண்டும் செவந்து, கன்னமெல்லாம் ஈரம். முந்தானையால மூக்கத் தொடச்சுக்கிட்டே கொல்லைய அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாக்குறா. பாத்துட்டுக் கேக்குறா சார், எங்கிட்டயே கேக்குறா.

"தார்சீஸ் தம்பி வந்திருக்காரா? எங்க?"



"இங்க எவனும் வரல"ன்னேன்.

என் கையில இருந்த கிளாரினெட்டப் பாத்தா. "நீங்களா?"ன்னா. உள்ள போயிட்டா. சோறு போடும்போது என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு தடவை ரசம் ஊத்துனா, நான் கேக்காமலே. எனக்கு ரசம் எறங்குமா சார்? அவ மனசு பூரா அவன் வாசிப்புதான் கெடக்கு. எங்க எந்தச் சத்தம் கேட்டாலும் அவன்தான்னு ஓடி வர்றா. எங்கொல்லையில உக்காந்து நான் ஊதுறேன், அவனத் தேடுறா. அவனுக்காக அழுவுறா. இதுக்கு மேலயும் இந்தப் பல்ல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? நீங்களே சொல்லுங்க.

என்ன சார், பேனாவ எடுக்குறீங்க? கையெழுத்து இங்க வேணாம், உள்ள ஃபாரம் குடுப்பாங்க. ஓ, எழுதிக் காட்டுறீங்களா. மருந்துச் சீட்டு பின்னாடியா? எழுதுங்க, எழுதுங்க. பெரிசா எழுதுங்க, நான் கண்ணாடி கொண்டாரல.

'நேத்து வாசிச்சது யாரு?'

என்ன கேள்வி சார் இது? இவ்வளவு நேரம் அதைத்தான சொல்லிக்கிட்டு இருந்தேன்? நான்தான். அவன் நேத்து ஊருலயே இல்ல, வத்தலக்குண்டுல ஒரு கல்யாணம்னு போயிட்டான். எங்கொல்லையில, துணி துவைக்கிற கல்லுல உக்காந்து நான்தான வாசிச்சேன். அவ கேட்டுக்கிட்டு வந்ததும் அதைத்தான். அவ அழுததும்...

அவ அழுததும் அதைக் கேட்டுட்டுத்தான்.

ஆனா அவ அவன்னு நினைச்சு... இல்ல சார், நீங்க சிரிக்காதீங்க, பஞ்சு விழுந்துரும். அவன்னு நினைச்சுத்தான் வந்தா. ஆனா ஊதுனது நான். சத்தம் என் சத்தம். இருபத்தாறு வருஷம் உப்பு மிளகு போட வரிசையில நின்னவ, அடுப்புல கொதிக்கிற ரசத்த விட்டுட்டு கரண்டியோட வந்து நின்னிருக்கா. நான் ஊதுனதுக்கு. நான்தான் சார் ஊதுனேன். இந்தப் பல்லோடதான் ஊதுனேன். நாலும் வாயிலயேதான் இருந்துச்சு.

ரெண்டு தடவை ரசம் ஊத்துனாளே. நான் ஏறெடுத்துக்கூடப் பாக்கலையே சார் அவள.

என்னம்மா? பதினாலா? ஆமா, நான்தான், சவரிராயன். இல்லம்மா, கூட யாரும் வரல. இவரு எனக்கு ஒண்ணும் வேணும்கிறவரு இல்ல, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். நீங்க பதினஞ்ச உள்ள விட்டுருங்க. டாக்டரம்மாகிட்ட நான் போயிட்டேன்னு சொல்லிருங்க. வலியா? இல்லம்மா. எனக்கு ஒரு பல்லும் வலிக்கல.